ரோஸ்லின் அக்கா போட்ட நாற்காலி

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பொன்னேரியில் ரயில் ஏறி உட்கார்ந்த சிறிது நேரத்தில் ஷீபாவிடமிருந்து அழைப்பு வந்தது. ஷீபா, ரோஸ்லின் அக்காவின் தங்கை மகள். கடைசி இரண்டு வருடங்களாக அக்காவோடு இருந்து அவரைப் பார்த்துக்கொண்டவள்.

"அண்ணா, எங்க இருக்கறீங்க?"

"ட்ரெயின்ல வந்துக்கினு இருக்கறேன்மா. இன்னா விஷயம்?"

"ஒண்ணும் அவசரம் இல்லண்ணா. மெதுவா வாங்க. பெரிம்மா போய்ட்டாங்க."

ரயில் கவரைப்பேட்டையில் நின்றது. கும்மிடிப்பூண்டி அடுத்த நிறுத்தம்தான். ஆனால் என்ன நினைத்தேனோ, அங்கேயே இறங்கிவிட்டேன். ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் நிறைந்த ரயில் என்னை விட்டுவிட்டுப் போயிற்று. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அக்காவுக்கு எழுபத்திரண்டு வயது. இதயம் பழுதாகி இரண்டு முறை மருத்துவமனையில் கிடந்தார். எதிர்பார்த்திருக்க வேண்டிய செய்திதான். ஆனாலும் அடுத்த ரயில் வரும்வரை என்னால் யாருக்கும் போன் செய்ய முடியவில்லை.

நம் தொழிலாளர் கூட்டமைப்பின் இந்த மாதப் பத்திரிகையில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறீர்கள். பதினோரு வருடம் செயலாளராக இருந்தவன் என்பதால் அது எனக்கு வந்தது. இதைப் படிக்கும் பலருக்கு அக்காவைத் தெரியும். தெரியாத புதிய தோழர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

அத்திப்பட்டுக்குப் பக்கத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். பத்தாவது முடித்ததும் சென்னையில் ஓர் அதிகாரியின் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அந்த அதிகாரிக்கு வெளிநாட்டுக்கு மாற்றலானபோது குடும்பத்தோடு இவரையும் அழைத்துப் போனார்கள். மலைகள் சூழ்ந்த ஓர் ஏரிக்கரை நகரம். உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து நடத்தும் சபையின் அலுவலகம் ஒன்று அங்கே இருந்தது. மூன்று வருடத்தில் அந்தக் குடும்பம் ஊர் திரும்பியது. அக்கா திரும்பவில்லை. அதற்குள் தேவாலயத்தில் நடந்த மாலை வகுப்புக்குப் போய் அந்த ஊர் மொழியைக் கற்றுக்கொண்டிருந்தார். சபையின் கூட்ட அரங்குகளைத் தயார்செய்யும் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தார். வேலை கிடைத்தது. இருபத்து மூன்று வருடம் அதே வேலையில் இருந்தார்.

மேஜைகளின் மேல் நாடுகளின் பெயர்ப்பலகைகளை வரிசை தவறாமல் வைப்பார். ஒவ்வொரு இருக்கையிலும் மொழிபெயர்ப்பு கேட்பதற்கான கருவி வேலை செய்கிறதா என்று தானே காதில் மாட்டிப் பார்ப்பார். தண்ணீர், காகிதம், பேனா. கூட்டம் முடிந்தபின் எல்லாவற்றையும் எடுத்து வைப்பார். "ஒரு நாடு ரெண்டா பிரிஞ்சா டிவிக்காரனுக்கு முன்ன எனக்குத் தெரியும் தம்பி. பேர்ப்பலகை ரெண்டு வேணும்னு சீட்டு வந்துடும்" என்பார்.

ஓய்வு பெற்றுத் திரும்பி வந்து கும்மிடிப்பூண்டி ரெட்டம்பேடு ரோட்டில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டார். அங்கே அவருடைய பழைய வேலை யாருக்கும் சரியாகப் புரியவில்லை. "நான் சபையில வேல செஞ்சவ" என்று இவர் சொன்னால், "எந்த சபைம்மா? ரோமனா, பெந்தகொஸ்தேவா?" என்று கேட்பார்கள். முதல் இரண்டு வருடம் விளக்கம் சொல்லிப் பார்த்தாராம். பிறகு, "எல்லா சபையும் வந்து போற சபைம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாராம். அவர் வெளிநாட்டில் பெரிய தேவ ஊழியக்காரராக இருந்தவர் என்று நம்பி, பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகளைக் கூட்டி வந்து தலையில் கைவைத்து ஜெபிக்கச் சொன்னவர்களும் உண்டு. அக்கா மறுக்கவில்லை. ஜெபித்துவிட்டு, "படிச்சியாடா?" என்று ஒரு கேள்வியும் கேட்டு அனுப்புவார்.

அவரை நான் முதலில் பார்த்தது ஒரு புகாரோடு. அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த கல்யாண மண்டபத்தில் நாங்கள் இந்த வட்டாரத்து ஆலைகளின் ஒன்பது சங்கங்களையும் ஒன்றாகச் சேர்க்க ஒரு கூட்டம் போட்டிருந்தோம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கொடி. ஒன்றின் தலைவரை மற்றொன்றுக்குப் பிடிக்காது. மேடையில் ஆறு நாற்காலிதான் கொள்ளும். உட்கார ஒன்பது தலைவர்கள். யார் மேலே, யார் கீழே என்ற சண்டை பத்து மணிக்குத் தொடங்கிப் பதினொன்றரை வரை ஒலிபெருக்கியிலேயே நடந்தது. அப்போது கண்டாங்கிப் புடவையும் தோளில் கம்பளிச் சால்வையுமாக ஓர் அம்மாள் உள்ளே வந்தார். சித்திரை மாத வெயிலில் சால்வை.

"இன்னாப்பா இது, ஊட்டுல குந்த முடியல. யாருப்பா இங்க பெரியவரு? அவராண்ட பேசணும்."

இரும்பை உருட்டிக் கம்பியாக்கும் உருட்டாலைச் சங்கத்தின் தலைவர் கோதண்டம் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "அதாம்மா பிரச்சினையே."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அந்த அம்மாளும் சிரித்தார். பிறகு மேடையை ஒருமுறை, எங்களை ஒருமுறை பார்த்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். என்னிடம், "தம்பி, மேடை வாணாம். எல்லாரையும் கீழ எறக்கு. நாற்காலிய வட்டமா போடு" என்றார். அவர் சொன்னதை ஏன் கேட்டேன் என்று இன்றும் தெரியவில்லை. போட்டேன். ஒன்பது சீட்டில் ஒன்பது சங்கத்தின் பெயரை எழுதச் சொல்லி, மண்டபத்துக் காவலாளியைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார். எந்தப் பெயர் வந்ததோ அது முதல் நாற்காலி. அதற்குப் பிறகு எழுத்து வரிசை.

"எங்க சபையில வருசா வருசம் இப்டித்தான். உலகத்தையே ஆட்டி வெக்கிற நாடு, மேப்புல தேடினாலும் கெடைக்காத தீவுக்குப் பின்னாடி குந்திக்கினு இருக்கும். அதுக்கே ஒண்ணும் ஆவல. ஒங்களுக்கு இன்னா?" என்றார்.

ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையின் சங்கத் தலைவர் கோதண்டம், நாற்பது பேர் உள்ள பெயின்ட் கம்பெனிச் சங்கத்துக்கு அடுத்து ஆறாவது நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் சுளித்தார்தான். ஆனால் உட்கார்ந்தார். கூட்டம் நடந்தது. ஒலிபெருக்கிக்கு வேலையே இருக்கவில்லை.

அடுத்தடுத்த கூட்டங்களுக்கும் நாற்காலி போட அக்காவைக் கூப்பிட்டோம். மூன்றாவது கூட்டத்தில் கூட்டமைப்புக்குத் தலைவர் வேண்டும் என்ற பேச்சு வந்தது. ஒன்பது பேரில் யார் பெயரைச் சொன்னாலும் எட்டுப் பேர் தலையாட்டவில்லை. கடைசியில் கோதண்டம்தான் சொன்னார்: "அந்த அம்மாவே இருக்கட்டும். அவங்களுக்கு எந்தக் கொடியும் கெடையாது." தேநீரை வாயருகே கொண்டுபோன அக்கா அப்படியே நிறுத்தினார்.

"இன்னாப்பா, நான் கம்பெனி வாசப்படி மிதிச்சவகூட கெடையாதே" என்றார். பிறகு யோசித்துவிட்டு ஒன்று சொன்னார். அதை அன்றே என் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்: "அங்கயும் இப்டித்தான் தலைவருங்கள எடுப்பாங்க. பெரிய நாடுங்க ஒத்துக்கினு ஒருத்தர நிக்க வெச்சா, அவர் மேல யாருக்கும் கோவம் இல்லன்னு அர்த்தம். அவ்ளோதான். அவர் வேலைய ஆரம்பிச்சதும் எல்லாருக்கும் கோவம் வரும். எம்மேலயும் வரும். பரவால்லயா?"

பரவாயில்லை என்றோம். அவர் சொன்னபடியே எல்லாருக்கும் கோபம் வந்தது.

உலக சபையைப் பற்றி நாங்கள் துருவித் துருவிக் கேட்போம். பெரிய தலைவர்களையெல்லாம் கிட்டே பார்த்தவர் அல்லவா? அக்கா யாரையும் தூக்கி வைத்துப் பேசமாட்டார். ஒரே ஒருவரைப் பற்றி மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுவார். அப்போது சபையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். பக்கத்துப் பக்கத்து நாடுகள் இரண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தன. இரு தரப்பையும் பேச்சுக்கு அழைத்திருந்தார்கள். கூட்டத்துக்கு முன்னால், அரங்கில் அக்கா தனியாகப் பெயர்ப்பலகை வைத்துக்கொண்டிருக்கையில், அந்தத் தலைவர் மட்டும் உள்ளே வந்தாராம். ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தாராம். இங்கிருந்து பார்த்தால் எதிர்த் தரப்பின் முகம் தெரிகிறதா, வெயில் கண்ணில் அடிக்கிறதா என்று. பிறகு அக்காவிடம், "தேநீர் மேஜைகள் எத்தனை?" என்று கேட்டார். இரண்டு, ஆளுக்கு ஒரு பக்கம், என்றார் அக்கா. "ஒன்றை எடுத்துவிடுங்கள்" என்றாராம்.

"பேச்சு நடந்துதாக்கா? டீ குடிக்க ஒரே மேஜைக்கு வந்தாங்களா?" என்று நான் ஆவலாகக் கேட்டேன்.

"வந்தாங்க. ஒருத்தன் கப்புல இன்னொருத்தன் சக்கரை போட்டான். நானே பாத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஊருக்குப் போயி மறுபடி குண்டு போட்டுக்கினாங்க. ஆறு மாசம் கழிச்சித்தான் நின்னுது. அதுவும் நம்மால நின்னுதா, அவனுங்களே களைச்சிப் போயி நிறுத்திக்கினாங்களான்னு யாருக்குத் தெரியும்?"

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதை அவர் கவனித்தார். "தயாளா, அந்த சபையாண்ட சொந்தமா பட்டாளம் கெடையாது. போலீசு கெடையாது. நாற்காலி இருக்குது. வந்து குந்துங்கன்னு கூப்புடலாம். வந்தா நல்லா குந்த வெக்கலாம். அவ்ளோதான் அதோட வேல. அத ஒழுங்கா செய்யறதே பெரும்பாடு" என்றார்.

நம் கூட்டமைப்புக்கும் அதற்கு மேல் எதுவும் கிடையாது என்பது எனக்குப் புரிய நாளாயிற்று. அக்கா தலைவராகி நான்காவது வருடம் அந்த விபத்து நடந்தது.

ஓர் இரும்பு ஆலையில், பளுதூக்கும் கிரேனின் சங்கிலி அறுந்து கம்பிக்கட்டு விழுந்ததில் சுதாம் என்ற ஒப்பந்தத் தொழிலாளி இறந்துபோனார். ஒடிசாவிலிருந்து வந்தவர். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. சங்கிலி தேய்ந்திருக்கிறது என்று அவரோடு வேலை செய்தவர்கள் பல வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர்கள் சொன்ன மொழி மேற்பார்வையாளருக்குப் புரியவில்லையா, புரிந்தும் விட்டுவிட்டாரா என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் வடநாட்டுத் தொழிலாளர்கள் யாரும் வேலைக்குப் போகவில்லை. ஆலை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். வாசல் அடைபட்டதால் உள்ளூர் ஆட்களும் உள்ளே போக முடியவில்லை. தள்ளுமுள்ளு ஆனது. கல் விழுந்தது. யார் எறிந்தார்கள் என்று தெரியாது. ஒருவருக்கு மண்டை உடைந்தது. சாயங்காலத்துக்குள், வடநாட்டுக்காரர்கள் தங்கியிருக்கும் ஷெட்டை உள்ளூர் ஆட்கள் காலிசெய்யப் போகிறார்கள் என்ற வதந்தி பரவிவிட்டது. இந்தப் பக்கமும் ஆட்கள் சேர்ந்தார்கள், அந்தப் பக்கமும் சேர்ந்தார்கள். உண்மையிலேயே பயந்துபோயிருந்தோம்.

அடுத்த நாள் காலை அவசரக் கூட்டம். வட்டத்தில் ஒன்பது நாற்காலி. நான் உள்ளே நுழைந்தபோது அக்கா பத்தாவது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"இது யாருக்குக்கா?"

"அவங்களுக்குத்தான். வாசல்ல குந்திக்கினு இருக்கறாங்களே, அவங்களுக்கு."

இங்கேதான், தோழர்களே, நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் எதிர்த்தேன். அவர்கள் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை, சந்தா கட்டியவர்கள் இல்லை, விதிப்படி கூட்டமைப்பில் உட்கார உரிமை இல்லை என்றேன். விதிப்புத்தகத்தைத் திறந்தே காட்டினேன். அவர்களை உட்காரவைத்தால் உருட்டாலைச் சங்கம் எழுந்து போய்விடும், கூட்டமைப்பே உடைந்துவிடும் என்று பயந்தேன். பயத்தை விதி என்று சொன்னேன். என் குரலும் உயர்ந்துவிட்டது.

அக்கா நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதே அவருக்கு மூச்சு வாங்கும்.

"ஓட்டு இல்ல. சரி. உறுப்பினர் இல்ல. சரி. எங்க சபையிலயும் அப்டி இருக்கறவங்க உண்டு தயாளா. நாடுன்னு யாரும் ஒத்துக்காத ஜனங்க. அவங்களுக்கும் ஓரமா ஒரு நாற்காலி போடுவோம். பார்வையாளருன்னு பலகை வெப்போம். ஓட்டு போட முடியாது. பேசலாம். செத்தவன் அவங்க ஆளு. அவங்க பேசாம நாம இன்னாத்தப் பேசறது?"

ஓர் அட்டையில் 'பார்வையாளர்' என்று அவரே கொட்டை எழுத்தில் எழுதினார்.

உறுப்பினர்கள் வந்தார்கள். கோதண்டம் அட்டையைப் பார்த்துவிட்டு, "இது இன்னா புதுசா?" என்றார். "பேச மட்டும்தான், ஓட்டு கெடையாது" என்றார் அக்கா. கோதண்டம் முணுமுணுத்தார். ஆனால் எழுந்து போகவில்லை. நான் பயந்தது நடக்கவில்லை.

பிரதாப் என்பவர் வந்து அந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சுதாமின் ஊர்க்காரர். கையில் கட்டுப்போட்டிருந்தார். அவருக்குத் தமிழ் அப்போது அவ்வளவாக வராது. மொழிபெயர்க்க யார்? அக்கா அதையும் யோசித்திருந்தார். ஆரம்பாக்கத்திலிருந்து வந்து ஷெட்டுக்குப் பக்கத்தில் மெஸ் நடத்தும் லட்சுமம்மாவைக் கூட்டி வந்திருந்தார். தெலுங்குக்கார அம்மா. பல வருடமாக அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் போட்டு ஒடியா, இந்தி இரண்டையும் கற்றுக்கொண்டவர்.

அக்கா லட்சுமம்மாவிடம் ஒரே ஒரு விதிதான் சொன்னார்: "அவரு சொல்றத மட்டும் சொல்லணும். கூட்டியும் சொல்லாத, கொறச்சும் சொல்லாத. அவரு 'நான்'னு சொன்னா நீயும் 'நான்'னு சொல்லு."

பிரதாப் பேசினார். லட்சுமம்மா சொன்னார்: "நான் சுதாமுக்கு அஞ்சடி தள்ளி நின்னுக்கினு இருந்தேன். சங்கிலி போற சத்தம் கேட்டுது. ஓடுன்னு கத்துனேன். அவன் என்னைப் பாத்துத் திரும்பினான். ஓடல. திரும்பினான்." தினமும் அந்தப் பையனுக்குத் தட்டு வைத்தவர் லட்சுமம்மா. ஆனாலும் 'நான்' என்பதை அவர் மாற்றவில்லை. "நான் கத்தாம இருந்திருந்தா அவன் நேரா போயிருப்பான். தப்பிச்சிருப்பான். ரெண்டு நாளா அதத்தான் நெனச்சிக்கினு இருக்கறேன்."

கோதண்டம்தான் முதலில் வாய் திறந்தார். "நைனா, அது ஒன் தப்பு இல்ல" என்றார். லட்சுமம்மா அதை ஒடியாவில் சொன்னார். "இருபது வருசம் கிரேன் ஓட்டுனவன் நான். சங்கிலி அறுந்தா எந்தப் பக்கம் ஓடுனாலும் ஒண்ணுதான். அந்தச் சங்கிலிய நான் பாக்கணும்."

அதற்குப் பிறகு கூட்டத்தின் பேச்சே மாறிவிட்டது. வாசலை அடைத்ததும் கல் எறிந்ததும் பின்னால் போய்விட்டன. எந்த ஆலையில் எந்தச் சங்கிலி, எந்தப் பிரேக் எப்படி இருக்கிறது என்று ஒன்பது பேரும் சொல்லத் தொடங்கினார்கள். அன்று மத்தியானம் கோதண்டமும் பிரதாப்பும் சேர்ந்து ஷெட்டுக்குப் போய், யாரும் யாரையும் காலிசெய்யப் போவதில்லை என்று இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டு வந்தார்கள். நான்கு நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு நிர்வாகம் இறங்கி வந்தது. சங்கிலிகளை மாற்றினார்கள். சோதனை நடக்கும்போது தொழிலாளர் தரப்பில் இருவர் நிற்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். சுதாமின் உடலை ஊருக்கு அனுப்பும் செலவையும் ஏற்றார்கள். உடலோடு நம்மில் இருவர் போனார்கள். அதில் ஒருவர் கோதண்டம்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்லமாட்டேன். வாசலில் முன்னால் உட்கார்ந்த ஏழு பேரை ஒப்பந்தக்காரர் திரும்ப எடுக்கவில்லை. எவ்வளவு முயன்றும் அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரு சங்கம் கோபித்துக்கொண்டு கூட்டமைப்பை விட்டுப் போனது. திரும்பி வர இரண்டு வருடம் ஆயிற்று.

நான் பத்திரிகையில் 'மகத்தான வெற்றி' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டிருந்தேன். அச்சுக்குப் போகும் முன் அக்கா வாங்கிப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அந்த ஏழு பேரு ஊட்டுல இதப் படிச்சா இன்னா நெனப்பாங்க?"

தலைப்பை அடித்தேன். பிறகு கூட்டக் குறிப்பையும் கேட்டார். உலக சபையில் யார் பேசியதையும் தப்பாக எழுதியிருந்தால் அந்த நாடு திருத்தம் அனுப்பலாமாம். அந்தப் பழக்கத்தில், ஒவ்வொருவர் சொன்னதையும் சொன்னபடி எழுதியிருக்கிறேனா என்று வரிவரியாகப் பார்ப்பார். "நமக்குப் புடிச்ச மாரி எழுதாத. நடந்தது இன்னா, அத எழுது" என்று என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. அன்றைய குறிப்பில் ஒரு வரி இருந்தது: 'பார்வையாளர் இருக்கை குறித்துத் தொடக்கத்தில் தயக்கம் தெரிவிக்கப்பட்டது.' யார் தயங்கினார் என்று நான் எழுதவில்லை. அக்காவின் விரல் அந்த வரியில் ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த வரிக்குப் போய்விட்டது. அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் தப்பித்தோம் என்றிருந்தேன்.

ஆறு வருடம் முடிந்ததும் தலைமையிலிருந்து விலகினார். இன்னும் ஒரு முறை இருங்கள் என்று ஒன்பது பேரும் கேட்டோம். எதிலும் ஒத்துப்போகாத ஒன்பது பேரும் அன்று ஒரே குரலில் கேட்டோம். "இப்போ ஒங்களுக்கு எம்மேல கோவம் கொறஞ்சிடுச்சி. அப்போ நான் வேல செய்யலன்னு அர்த்தம்" என்று சிரித்தார். பிறகு சீரியஸாகவே சொன்னார்: "நான் இருக்கற வரைக்கும் நீங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துப் பேசமாட்டீங்க. என்னப் பாத்துத்தான் பேசுவீங்க." கோதண்டம் தலைவரானார். அவருடைய முதல் கூட்டத்தில் அக்கா வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து லட்சுமம்மாவோடு சேர்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகும் நான் வாரம் ஒருமுறையாவது அவர் வீட்டுக்குப் போவேன். எதற்கு என்று ஒன்றும் இருக்காது. மீன் குழம்பு வைத்தால் ஷீபாவை விட்டுப் போன் செய்யச் சொல்லுவார். அந்த ஏரிக்கரை ஊரில் மீன் இருந்ததாம், ஆனால் அதற்கு வாசனையே கிடையாதாம். இருபத்தாறு வருடம் அங்கே இருந்தும் அந்த ஊர்மேல் அவருக்கு இருந்த ஒரே குறை அதுதான்.

அத்திப்பட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்த மத்தியானம் நல்ல கூட்டம். ஒன்பது சங்கத்துக் கொடியும் வந்திருந்தன. பாஸ்டர் ஜெபித்தார். பிறகு வடநாட்டுத் தொழிலாளர்கள் பத்துப் பதினைந்து பேர் முன்னால் வந்து அவர்கள் மொழியில் ஏதோ பாடினார்கள். அக்காவுக்கு அது பிடித்திருக்கும். லட்சுமம்மா எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

எல்லாரும் கலையும்போது பிரதாப் என்னிடம் வந்தார். இப்போது அவர் நன்றாகவே தமிழ் பேசுவார். கும்மிடிப்பூண்டியிலேயே குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, ஒங்களுக்கு ஒரு தடவ நேர்ல சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கினு இருந்தேன். அன்னிக்கு எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னது நீங்கதான்னு ரோஸ்லின் அம்மா சொன்னாங்க. 'செயலாளர்தாம்பா சொன்னாரு, அவுங்கள உள்ள கூப்புடணும்னு'ன்னாங்க. அதாலதான் உள்ள வந்தோம். இல்லன்னா வந்திருக்கமாட்டோம். உள்ள போனா அடிப்பாங்கன்னு பயம்."

நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்ன மனுஷி, எனக்காகச் சொன்ன பொய் அது. அவர்களை உள்ளே வரவைப்பதற்காகவும் சொல்லியிருக்கலாம். கூட்டமைப்பின் செயலாளரே கூப்பிடுகிறார் என்றால் நம்பிக்கை வருமல்லவா? ஆனால் அதற்குப் பிறகும் இத்தனை வருடம் அவர் அதைத் திருத்தவில்லை. என்னிடமும் சொல்லிக்காட்டவில்லை.

"இல்ல பிரதாப்" என்றேன். "அது பொய். நான் வாணாம்னு சண்ட போட்டவன். போட்டது அக்காதான்."

பிரதாப் என் முகத்தையே பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் கையை விடவில்லை.

"அப்டியா? ஆனா அதுக்கு அடுத்த கூட்டத்துக்கு நான் வரும்போது, அந்த நாற்காலிய நீங்க தொடச்சிக்கினு இருந்தீங்கண்ணா. மழத்தண்ணி விழுந்திருந்துது. துண்டால தொடச்சீங்க. அத நான் பாத்தேன்."

எனக்கு அது ஞாபகமே இல்லை. இப்போதும் இல்லை.

புதிதாக வந்த தோழர்கள் என்னைக் காட்டி, வெளியூர் ஆட்களுக்கு இடம் கொடுத்தவர் என்று பேசிக்கொள்வது இத்தனை நாளும் என் காதில் விழுந்ததுண்டு. பொதுவாகச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. அதனால்தான் நடந்ததை இங்கே அச்சில் எழுதுகிறேன். பத்தாவது நாற்காலியைப் போட்டவர் ரோஸ்லின் அக்கா. தடுத்தவன் நான்.

அவர் விட்டுப்போன சால்வையை ஷீபா எனக்குக் கொடுக்க வந்தாள். அவளையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். நான் இருந்ததைவிட நல்லவன் என்று என்னைப் பற்றி ஒருவர் பிறரிடம் சொல்லி வைத்தார். அந்தச் சொல்லை நம்பி, ஒரு கூட்டம் மனிதர்கள் இத்தனை வருடம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டும், வீட்டு விசேஷங்களுக்குக் கூப்பிட்டுக்கொண்டும் இருந்தார்கள். அவர்கள் நம்பியபடியே நடந்துகொள்ள எனக்கே தெரியாமல் நானும் பழகியிருக்கிறேன் போலிருக்கிறது. இனித் தெரிந்தே பழக வேண்டும்.